ஒன்பது படங்களைக் கழித்த வசனம்

2018-இல் வந்த ‘ஹாலோவீன்’ படத்தில் மூன்று பிள்ளைகள் தெருவில் பேசிக்கொண்டே நடந்து வருவார்கள். அவர்களில் ஆலிசன் என்கிற பெண்ணின் பாட்டியை நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒருவன் கொல்லப் பார்த்தான். அவன் உன் பாட்டியுடைய அண்ணன்தானே என்று கூட வரும் பையன் கேட்பான். இல்லை, அது ஜனங்களாகக் கட்டிவிட்ட கதை என்று சொல்லிவிட்டு ஆலிசன் நடந்துகொண்டே இருப்பாள். தியேட்டரில் பாதிப் பேர் அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். ஆனால் 1981 முதல் 2009 வரை வந்த ஒன்பது படங்களையும் அந்த ஒரு பதிலில்தான் இந்தப் படம் தலைமுழுகியது.

பழைய ஸ்லாஷர் வரிசை (ஒரு கொலையாளி ஆட்களை ஒவ்வொருவராகத் துரத்திக் கொல்லும் படவகை) ஒன்றை மறுபடி எழுப்புவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தக் காட்சியைத்தான். புதிதாக என்ன சேர்க்கலாம் என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களே அதிகம். இவர்கள் எதைக் கழிக்கலாம் என்று உட்கார்ந்து யோசித்தார்கள். கழித்துக் கழித்துக் கடைசியில் கையில் மிஞ்சியது ஒரு நடிகையின் முகம். அதை வைத்து ஒரு கோடி டாலர் முதலீட்டை இருபத்தைந்து கோடிக்கு மேல் வசூலாக்கினார்கள். அப்புறம் அதே ஆட்கள் சேர்க்கத் தொடங்கினார்கள். என்ன ஆனது என்பதையும் பார்க்கப் போகிறோம். நான்கு படங்களின் முடிவையும் சொல்லிவிடுவேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

சாவியை வைக்கப் போனவள்

1978-இல் வந்த முதல் படத்தின் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். 1963 ஹாலோவீன் இரவு, அதாவது பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கும் அக்டோபர் 31. இல்லினாய் மாநிலத்தில் ஹேடன்ஃபீல்ட் என்றொரு கற்பனை ஊர். ஆறு வயது மைக்கேல் மையர்ஸ் தன் அக்கா ஜூடித்தைக் கத்தியால் குத்திக் கொல்கிறான். பதினைந்து வருடம் மனநலக் காப்பகத்தில் கிடந்துவிட்டு, 1978-இல் தப்பி ஊருக்கு வருகிறான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகும் பள்ளி மாணவிகளைப் பின்தொடர்கிறான். அவர்களில் லாரி ஸ்ட்ரோட் மட்டும் பிழைக்கிறாள். காப்பகத்தில் அவனைப் பார்த்துக்கொண்ட டாக்டர் லூமிஸ் ஆறு குண்டு சுடுகிறார். மைக்கேல் மாடியிலிருந்து விழுகிறான். எட்டிப் பார்த்தால் புல்தரையில் ஆளைக் காணோம்.

ஜான் கார்பென்டர் இயக்கிய படம். அவரும் டெப்ரா ஹில்லும் சேர்ந்து எழுதினார்கள். செலவு மூன்று லட்சத்துச் சொச்சம் டாலர், படப்பிடிப்பு ஏறக்குறைய இருபது நாள். கதை நடப்பது இலையுதிர் காலத்து அக்டோபரில், எடுத்ததோ வசந்த காலத்துக் கலிஃபோர்னியாவில். அதனால் இலைகளுக்குச் சாயம் பூசித் தெருவில் இறைத்தார்கள். ஷாட் முடிந்ததும் அள்ளிப் பையில் போட்டு அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனார்கள். முகமூடியும் அப்படித்தான். ‘ஸ்டார் டிரெக்’ கேப்டன் கிர்க்கின் முகத்தை வைத்துச் செய்த கடைச் சரக்கு, விலை இரண்டு டாலர்கூட இல்லை. புருவத்தைப் பிடுங்கி, கண் ஓட்டையைப் பெரிதாக்கி, வெள்ளை அடித்தார்கள். அதற்குள் நின்ற நிக் காஸலுக்குக் கூலி நாளுக்கு 25 டாலர். படம் அமெரிக்காவில் மட்டும் 4.7 கோடி டாலர் வசூலித்தது.

இசையும் கார்பென்டர்தான். ஐந்தைந்து அடியாக ஓடும் அந்தப் பியானோவை நம் தாளக் கணக்கில் சொன்னால் கண்டம். சின்ன வயதில் அப்பா பாங்கோவில் கற்றுக்கொடுத்த தாளம் அது என்று அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். நாலில் முடிய வேண்டியது முடியாமல் ஓரடி கூடுதலாகத் தள்ளிக்கொண்டே போகும். கேட்கிறவனுக்கு இருப்புக் கொள்ளாது.

இந்த ஆய்வுக்கு வேண்டிய விஷயம் ஒன்று அந்தப் படத்தின் ஆரம்பத்தில் இருக்கிறது. மைக்கேல் ஏன் லாரியைத் துரத்துகிறான்? அவளுடைய அப்பாவுக்கு வீடு விற்றுத்தரும் தொழில். பாழடைந்த மையர்ஸ் வீட்டின் சாவியை அங்கே வைத்துவிட்டு வரச் சொல்கிறார். அவள் வாசலில் குனிந்து சாவியை வைக்கிறாள், உள்ளே இருட்டில் அவன் நிற்கிறான். அவ்வளவுதான் காரணம். நீங்களோ நானோ அந்த வாசலில் நின்றிருந்தால் நம்மைத்தான் துரத்தியிருப்பான். படத்தின் பயம் முழுக்க இந்தக் காரணமின்மையில் இருந்து வருவது.

அண்ணன் வந்த கதை

1981-இல் இரண்டாம் பாகம் எடுக்க வேண்டியதாயிற்று. கார்பென்டர் இயக்க மறுத்தார், எழுத ஒப்புக்கொண்டார். முதல் படத்திலேயே சொல்ல வேண்டியதெல்லாம் முடிந்துபோயிருந்ததால் எழுத ஒன்றும் வரவில்லை. ராத்திரி தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் பீரோடு உட்கார்ந்து ஒப்பேற்றியதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்த ராத்திரிகளில் பிறந்ததுதான் லாரி மைக்கேலின் தங்கை என்கிற யோசனை.

ஒரு திரைக்கதை ஓட்டையை அடைக்க வைத்த கல், முப்பது வருடத்துக்கு அஸ்திவாரமாகிவிட்டது. தங்கையைக் கொல்ல வந்தான் என்றால் தங்கை இல்லாதபோது தங்கை மகளைக் கொல்ல வர வேண்டும். 1988-இல் வந்த நான்காம் பாகம் அப்படித்தான் போனது. லாரியாக நடித்த ஜேமி லீ கர்டிஸ் திரும்பி வரவில்லை, ஆகவே லாரி கார் விபத்தில் செத்ததாகச் சொல்லி அவள் மகளைக் கொண்டுவந்தார்கள். சரி, அவன் ஏன் குடும்பத்தையே கொல்கிறான்? 1995-இல் ஆறாம் பாகம் அதற்கும் பதில் வைத்திருந்தது. ஒரு ரகசிய வழிபாட்டுக் கூட்டம் அவன்மேல் ஏற்றிய பழைய சாபமாம். நடுவில் 1982-இல் மூன்றாம் பாகத்தில் மைக்கேலே கிடையாது, அது தனிக் கதை. ரசிகர்கள் அப்போது திட்டிய திட்டில் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். இப்போது அதே படத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள்.

1998-இல் வந்த ‘ஹாலோவீன் எச்20’ படத்தை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பழைய நடிகரையே பல வருடம் கழித்து அழைத்துவந்து எடுக்கும் தொடர்ச்சிப் படத்துக்கு லெகசி சீக்குவல் என்று பேர். அந்தப் பேர் புழக்கத்துக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே வந்த லெகசி சீக்குவல் அது. இருபது வருடம் கழித்துக் கர்டிஸ் திரும்பி வந்தார். நான்கு, ஐந்து, ஆறாம் பாகங்கள் நடக்கவே இல்லை என்றார்கள். லாரி பெயரை மாற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவில் ஒரு விடுதிப் பள்ளியின் தலைமையாசிரியை, ஒளித்துவைத்துக் குடிக்கிறவள், பயந்தே வாழ்கிறவள். கடைசியில் கோடரியை எடுத்து மைக்கேலின் தலையை வெட்டி எறிகிறாள். தியேட்டர் எழுந்து கைதட்டியிருக்க வேண்டிய முடிவு.

ஆனால் மைக்கேல் நிஜமாகச் சாகக் கூடாது என்பதில் தயாரிப்பாளர் முஸ்தஃபா அக்காட் உறுதியாக இருந்தார். 2002-இல் வந்த அடுத்த படம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டது: லாரி வெட்டியது மைக்கேலை அல்ல, அவன் முகமூடியை மாட்டிவிட்டுப் போன ஓர் ஆம்புலன்ஸ் ஊழியரை. குற்ற உணர்ச்சியில் காப்பகத்தில் கிடக்கும் லாரியைக் கொஞ்ச நேரத்திலேயே கூரையிலிருந்து தள்ளிக் கொன்றுவிட்டார்கள். ரசிகன் கொடுத்த கைதட்டலைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்ட மாதிரி. அதன் பிறகு ராப் ஸோம்பி 2007-இலும் 2009-இலும் கதையை முதலிலிருந்து தன் பாணியில் எடுத்தார். முதலாவது ஓடியது, இரண்டாவது வசூல் அதில் பாதிதான்.

ஆக 2010-க்குள் பத்துப் படங்கள், ஒன்றோடொன்று ஒட்டாத நாலு கதைத் தடங்கள். ஒன்றில் லாரி கார் விபத்தில் செத்திருக்கிறாள், ஒன்றில் கூரையிலிருந்து விழுந்து. நான் முதலில் பார்த்தது ஐந்தாம் பாகம். ஒரு மண்ணும் புரியவில்லை.

உரிமைக் கணக்கு

இதை வேகமாகக் கடந்துவிடலாம், ஆனால் விட்டுவிட முடியாது. அக்காட் 2005 நவம்பரில் ஜோர்தான் தலைநகர் அம்மானில் நடந்த ஹோட்டல் குண்டுவெடிப்பில் இறந்தார், மகளும் அவரோடு. நபிகள் நாயகத்தின் காலத்தைப் பற்றி ‘தி மெசேஜ்’ எடுத்த அதே மனிதர்தான் இந்த முகமூடிக்காரனுக்கும் காவலர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் மகன் மாலிக் அக்காட் பொறுப்பேற்றார். படங்களை எடுத்துவந்த டைமன்ஷன் நிறுவனம் அடுத்த படத்தை இழுத்தடித்து, 2015-இல் உரிமையை இழந்தது. 2016 மே மாதம் மிராமாக்ஸும் ப்ளம்ஹவுஸும் கைகோத்தன. குறைந்த பட்ஜெட்டில் பேய்ப்படம் எடுத்துப் பெரிய லாபம் பார்க்கும் ஜேசன் ப்ளமின் நிறுவனம்தான் ப்ளம்ஹவுஸ்.

உரிமைப் பிரச்சினை முடிந்ததை நாம் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. இன்னொரு ஸ்லாஷரான ‘ஃப்ரைடே த தேர்ட்டீன்த்’ வரிசையின் முதல் படத்தை எழுதியவருக்கும் இயக்கி எடுத்தவருக்கும் நடுவில் வழக்கு நடந்து, 2009-க்குப் பிறகு வருடக்கணக்கில் அந்த வரிசையில் ஒரு படம்கூட வரவில்லை. அங்கேயும் முகமூடி இருந்தது, ரசிகர்கள் இருந்தார்கள்.

ப்ளம் செய்த முதல் வேலை கார்பென்டர் வீட்டுக் கதவைத் தட்டியது. மூன்றாம் பாகத்துக்குப் பிறகு இந்த வரிசைப் பக்கமே வராதவர் நிர்வாகத் தயாரிப்பாளராக உள்ளே வந்தார், இசையும் அமைத்தார். அவர் பெயர் போஸ்டரில் வந்ததுமே பழைய ரசிகர்களின் முணுமுணுப்பு பாதி அடங்கிவிட்டது.

இயக்க வந்தவர் டேவிட் கார்டன் கிரீன், கூட எழுதியவர்கள் டேனி மெக்பிரைடும் ஜெஃப் ஃப்ராட்லியும். கிரீன் சின்ன பட்ஜெட் கலைப்படங்களில் தொடங்கிக் காமெடிக்குப் போனவர், மெக்பிரைடு காமெடி நடிகர். 2017 தொடக்கத்தில் அறிவிப்பு வந்தபோது சிரித்தவர்கள் நிறையப் பேர். அப்புறம் நடிகர் ஜேக் ஜில்லென்ஹால் கர்டிஸுக்குப் போன் போட்டுத் தன் நண்பன் கிரீனைப் பற்றிச் சொன்னார். கர்டிஸ் திரைக்கதையைப் படித்தார், செப்டம்பரில் ஒப்புக்கொண்டார்.

கழித்ததால் வந்த ஓட்டை

இனிமேல்தான் விஷயம்.

அண்ணன்–தங்கை உறவை வெட்டியதும் மைக்கேல் மறுபடியும் காரணமில்லாதவன் ஆகிவிட்டான். சாவியை வைத்த வாசலுக்குக் கதை திரும்பியது. ஆனால் அதனால் திரைக்கதையில் பெரிய ஓட்டை விழுந்தது. உறவும் இல்லை, பகையும் இல்லை என்றால் நாற்பது வருடம் கழித்துத் தப்பிக்கிறவன் எதற்காக லாரியின் வீட்டைத் தேடிப் போக வேண்டும்? அவள் காட்டோரமாக, ஊரைவிட்டு விலகி இருக்கிறாள். படமோ இருவரும் மோதிக்கொள்வதில்தான் முடிய வேண்டும்.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த ஒட்டுதான் டாக்டர் சார்ட்டைன். லூமிஸ் இறந்த பிறகு மைக்கேலைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவர். லாரியே அவரைப் பார்த்து ‘ஓ, புது லூமிஸா’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்வாள். கொலைகாரனும் தப்பிப் பிழைத்தவளும் மறுபடி நேருக்கு நேர் நின்றால் என்ன ஆகும் என்று பார்க்கிற வெறி அவருக்கு. போலீஸ் வண்டியிலேயே மைக்கேலை ஏற்றிக்கொண்டு லாரியின் வீட்டுப் பக்கம் ஓட்டிவிடுகிறார். படத்தில் எல்லோரும் குறை சொல்லும் திருப்பம் இது. நானும் சொல்வேன், பார்க்கும்போது சட்டென்று வேறு படத்துக்குள் விழுந்த மாதிரி இருக்கும். ஆனால் ஏன் வைத்தார்கள் என்பது புரிகிறது. அண்ணனை எடுத்த இடத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டது. 1981-இல் பீர் போத்தலோடு உட்கார்ந்த கார்பென்டருக்கு இருந்த அதே நெருக்கடி. இவர்கள் கொஞ்சம் மலிவான பதிலோடு தப்பித்தார்கள்: டாக்டரைக் கொஞ்ச நேரத்தில் கொன்றுவிடலாம், தங்கையை அப்படிச் செய்ய முடியாது.

இன்னொரு சின்ன வேலையும் செய்தார்கள். 1978 இறுதியில் மைக்கேல் மறைந்துபோனான் அல்லவா, அதே இரவில் போலீஸ் அவனைப் பிடித்துவிட்டதாக வைத்துக்கொண்டார்கள். ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரியால் நாற்பது வருடம் கிடைத்தது. அவன் உள்ளே, அவள் வெளியே. இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள்.

அந்தக் காத்திருப்புதான் லாரியின் பாத்திரம். இரண்டு விவாகரத்து. காட்டோர வீட்டைச் சுற்றி விளக்கும் வேலியும். சுட்டுப் பழகத் தோட்டத்தில் பொம்மைகள். அடுக்களை மேடைக்குக் கீழே ரகசிய நிலவறை. மகள் கேரனைப் பொம்மை பிடிக்க வேண்டிய வயதில் துப்பாக்கி பிடிக்கப் பழக்கியதால், அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அரசு வந்து பிரித்துக்கொண்டு போய்விட்டது. பேத்தி ஆலிசன் மட்டும் அம்மாவுக்குத் தெரியாமல் பாட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். குடும்பத்தோடு ஹோட்டலில் சாப்பிடும் காட்சி ஒன்று வரும். லாரி தாமதமாக வந்து, மற்றவர் கிளாஸில் இருக்கும் ஒயினை எடுத்துக் குடித்து, அழுதுவிடுவாள். ரத்தம் ஒரு சொட்டு இல்லை. எனக்குப் படத்திலேயே அதிகம் வலித்த இடம் அது.

எச்20-இல் லாரிக்கு இருந்தது பயம். இங்கே பயத்தோடு ஒரு குடும்பத்தையே நாசமாக்கிய பிடிவாதமும் இருக்கிறது. அவள் சொன்னது கடைசியில் சரியாகிறது, ஆனால் அதற்காக அவள் மகளுக்குச் செய்தது சரியாகிவிடாது என்பதைப் படம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கர்டிஸ் படப்பிடிப்புக்குப் போவதற்கு முன்னால், 2017 அக்டோபரில், ஹாலிவுட்டில் மீ டூ வெடித்தது. திரைக்கதை அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் படம் வந்தபோது, தனக்கு நடந்ததை நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தும் யாரும் காது கொடுக்காத ஒரு பெண்ணின் கதையாகத்தான் பலரும் அதைப் பார்த்தார்கள். இதெல்லாம் திட்டம் போட்டு வருவதில்லை.

பழைய படத்துக்கு மரியாதை செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1978-இல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் லாரி ஜன்னல் வழியே பார்த்தால் தெருவில் மைக்கேல் நிற்பான். 2018-இல் வகுப்பில் ஆலிசன், ஜன்னலுக்கு வெளியே நிற்பது லாரி. 1978-இல் மாடியிலிருந்து விழுந்து மறைந்தவன் மைக்கேல், 2018-இல் மாடியிலிருந்து விழுகிறவள் லாரி. மைக்கேல் திரும்பிவிட்டு மறுபடி எட்டிப் பார்ப்பான். புல்தரையில் ஆளைக் காணோம். வேட்டையாடுகிறவள் யார் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லியாயிற்று. பழைய படம் தெரியாதவனுக்கும் காட்சி புரியும், தெரிந்தவனுக்கு மயிர்க்கூச்செறியும். பழைய ஷாட்டை அப்படியே திருப்பிக் காட்டி ‘ஞாபகம் இருக்கிறதா’ என்று தோளில் இடிக்கும் படங்கள்தான் அதிகம். இங்கே அந்த ஷாட்டின் அர்த்தமே மாறிவிட்டது.

கடைசிக் காட்சியில் அந்த நிலவறைக்குள் கேரன் பதுங்கி, என்னால் முடியவில்லை அம்மா என்று அழுகிறாள். மைக்கேல் வாசலில் தோன்றியதும் குரல் மாறுகிறது, சுட்டுவிடுகிறாள். அவள் அழுததே தூண்டில். பதுங்குவதற்கென்று நாம் நினைத்த நிலவறை மைக்கேலுக்காகக் கட்டிய பொறி. மூன்று தலைமுறைப் பெண்கள் அவனை உள்ளே பூட்டி வீட்டைக் கொளுத்திவிட்டு, ஒரு வண்டியின் பின்புறத்தில் ஏறிப் போகிறார்கள். முடிந்தது.

முடிந்திருக்க வேண்டும்.

முகமும் முகமூடியும்

படப்பிடிப்பு 2018 ஜனவரியில், தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டன் ஊரில். பட்ஜெட் ஒரு கோடி டாலர் அளவு. முதலில் இரண்டு படங்களை அடுத்தடுத்து எடுத்துவிடலாம் என்று யோசித்து, ஒன்று தேறுகிறதா பார்ப்போம் என்று பின்வாங்கினார்கள். அந்தத் தயக்கம் படத்துக்கு நல்லதாகப் போயிற்று. அடுத்த பாகத்துக்கு என்று எதையும் மிச்சம் வைக்க முடியவில்லை.

முகமூடியைக் கிறிஸ்டஃபர் நெல்சன் செய்தார். புதிதாக இருக்கக் கூடாது, நாற்பது வருடம் ஆதாரப் பெட்டியில் கிடந்த ரப்பர் எப்படிச் சுருங்கி வெடித்திருக்குமோ அப்படி. மைக்கேலுக்கும் இப்போது அறுபத்தொரு வயது. அதற்குள் நின்றவர் ஜேம்ஸ் ஜூட் கோர்ட்னி, நிக் காஸலும் ஓரிடத்தில் போட்டு நின்றார். கார்பென்டர் தன் மகன் கோடி, தன் ஞானப்பிள்ளை டேனியல் டேவிஸ் இருவரோடும் பழைய மெட்டை மறுபடி வாசித்தார். ஆரம்ப டைட்டிலில் அழுகிச் சப்பையான பரங்கிக்காய் ஒன்று மெல்ல உப்பிப் பழைய முகமாவதைக் காட்டுவார்கள். படம் என்ன செய்யப்போகிறது என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அப்புறம் அந்த ஒரே ஷாட். மைக்கேல் முகமூடியோடு ஊருக்குள் நுழைந்த ராத்திரி. தெருவெல்லாம் மிட்டாய் வாங்கும் பிள்ளைகள். வீட்டுக்குப் பின்புறம் போய்ச் சுத்தியல் எடுக்கிறான், உள்ளே போகிறான், ஒரு பெண்ணைக் கொல்கிறான், கத்தியை எடுத்துக்கொள்கிறான், தொட்டிலில் அழும் குழந்தையைப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறான், அடுத்த வீட்டுக்குள் நுழைகிறான். ஏன் இந்த வீடு, ஏன் அந்தக் குழந்தை தப்பியது? பதில் கிடையாது. அண்ணன் கதையைத் தூக்கிப்போட்டதன் பலன் இந்த ஷாட்டில்தான் முழுசாகத் தெரியும். குடும்பத்தைத் தேடிவந்தவன் என்றால் இந்தக் காட்சியை எழுதவே முடியாது.

டொரொன்டோ விழாவில் காட்டிவிட்டு, 2018 அக்டோபர் 19-இல் வெளியிட்டார்கள். முதல் மூன்று நாளில் அமெரிக்காவில் 7.62 கோடி டாலர். மொத்தமாக அங்கே 15.9 கோடி, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய நாயகியை வைத்து வந்த படங்களில் இதுதான் பெரிய ஓப்பனிங் என்று கர்டிஸ் ட்விட்டரில் கொண்டாடினார். அவருக்கு அப்போது ஐம்பத்தொன்பது.

கட்டிலில் கிடந்த நாயகி

இருபத்தைந்து கோடி வந்த பிறகு வீடு எரிந்ததோடு முடிந்தது என்று எந்த ஸ்டுடியோவும் சொல்லாது. 2019-லேயே இரண்டு படங்களை அறிவித்தார்கள். தொற்றுநோயால் ஒரு வருடம் தள்ளிப்போய் 2021 அக்டோபரில் வந்தது ‘ஹாலோவீன் கில்ஸ்’.

எரியும் வீட்டுக்குத் தீயணைப்பு வண்டி வருகிறது, மைக்கேல் வெளியே வந்து தீயணைப்பு வீரர்களைக் கொன்று குவிக்கிறான். முந்தைய படத்தின் மோதலில் லாரி வயிற்றில் குத்துப்பட்டிருக்கிறாள், அவளை மருத்துவமனையில் படுக்கப்போட்டார்கள். படம் முழுக்க அங்கேதான். மைக்கேலும் அவளும் சந்திப்பதே இல்லை. அவள் இடத்தை நிரப்ப 1978-இல் சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள், நர்ஸ், ஷெரிஃப் என்று பழைய ஆட்களையெல்லாம் திரட்டிக் கொண்டுவந்தார்கள். ஊரே திரண்டு கோஷம் போடுகிறது. மைக்கேல் என்று நினைத்து வேறொரு அப்பாவியைத் துரத்தி, அவன் ஜன்னலிலிருந்து குதித்துச் சாகிறான். கும்பல் வெறியைப் பற்றிய நல்ல யோசனைதான். ஆனால் அதைச் சொல்ல நமக்கு லாரி ஸ்ட்ரோட் தேவையில்லை. 1978-இல் மைக்கேல் எப்படிப் பிடிபட்டான் என்று நீளமாக ஃப்ளாஷ்பேக் வேறு. ஒரு வரியில் சொல்லி முடித்ததை இப்போது விரித்துக் காட்டினார்கள்.

யோசித்துப் பார்த்தால் 1981-லும் இதுவேதான் நடந்தது. அந்த இரண்டாம் பாகத்திலும் லாரி மயக்கமருந்தோடு மருத்துவமனைக் கட்டிலில்தான் கிடந்தாள். கதை தொடர வழி தெரியாதபோதெல்லாம் நாயகியைக் கட்டிலில் போட்டுவிட்டு வில்லனை ஊர் சுற்ற விடுகிறார்கள்.

வசூல்: முதல் மூன்று நாள் 4.94 கோடி, அமெரிக்கா மொத்தம் 9.2 கோடி, உலகம் 13 கோடி. தொற்றுநோய் முழுசாக ஓயவில்லை, அதே நாளில் பீக்காக் ஓடிடியிலும் விட்டார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கோடி பட்ஜெட்டுக்கு இது நஷ்டமில்லை. ஆனால் தியேட்டர் வாசலில் எடுக்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் முதல் படத்துக்குப் ‘பி பிளஸ்’ போட்டவர்கள் இதற்குப் ‘பி மைனஸ்’ போட்டார்கள். கட்டிலுக்குத் தொற்றுநோயைக் குறை சொல்ல முடியாது.

2022-இல் வந்த ‘ஹாலோவீன் எண்ட்ஸ்’ இன்னும் விநோதம். நாலு வருடம் கழித்து லாரி ஊருக்குள் வீடு வாங்கி, சுயசரிதை எழுதிக்கொண்டு, பேத்தியோடு நிம்மதியாக இருக்கிறாள். வீட்டை அரணாக்கிய பெண், கில்ஸ் முடிவில் மகளையும் பறிகொடுத்துவிட்டு எப்படித் திடீரென்று பூட்டைத் திறந்துவைத்தாள்? சொல்லமாட்டார்கள். கதை கோரி என்கிற புது இளைஞனுக்குப் போகிறது. தற்செயலாக ஒரு குழந்தையின் சாவுக்குக் காரணமாகி, ஊர் ஒதுக்கி, மெல்ல மெல்ல மைக்கேலின் நிழலாகிறவன். மைக்கேல் சாக்கடைக் குழாய்க்குள் நோயாளி மாதிரி ஒளிந்திருக்கிறான். எனக்கு இந்தப் படம் பிடிக்கும் என்று சொன்னால் அடிக்க வருகிறார்கள், இருந்தாலும் சொல்கிறேன்: கோரியின் கதை தனிப்படமாக வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் லாரியும் மைக்கேலும் கடைசியாக மோதும் படம் என்று விளம்பரம் செய்து டிக்கெட் விற்றுவிட்டு, இரண்டு பேரையும் ஓரமாக உட்காரவைத்தார்கள். முதல் மூன்று நாள் 4 கோடி, அமெரிக்கா மொத்தம் 6.4 கோடி. சினிமாஸ்கோர் ‘சி பிளஸ்’.

15.9, 9.2, 6.4. தொடர்ச்சிப் படங்களுக்கு இறக்கம் சகஜம்தான் என்று விட்டுவிடலாம். அப்படி விடமுடியாமல் செய்தது அடுத்த வருடம் வந்த ‘தி எக்ஸார்சிஸ்ட்: பிலீவர்’. அதே கிரீன், அதே ப்ளம்ஹவுஸ், ஹாலோவீன் படங்களை வெளியிட்ட அதே யுனிவர்சல். மூன்று படம் எடுக்கும் உரிமைக்குச் சுமார் 40 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. 1973-இல் வந்த ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தில் அம்மாவாக நடித்த எலன் பர்ஸ்டினை அவருடைய தொண்ணூறாவது வயதில் திரும்ப அழைத்துவந்தார்கள். எல்லாம் 2018-இன் செய்முறை. ஆனால் பர்ஸ்டின் வந்த கொஞ்ச நேரத்தில் அவர் பாத்திரத்தின் கண்களைக் குத்தி, மருத்துவமனைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டார்கள். அவருக்கும் அவர் மகளுக்கும் ஐம்பது வருடமாக இருந்த பிரிவைப் பற்றி ஓரிரு வசனம், அவ்வளவுதான். உலக வசூல் 13 கோடிச் சொச்சத்தில் நின்றது. கிரீன் விலகினார், அறிவித்திருந்த அடுத்த பாகம் கைவிடப்பட்டது.

2022-இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘டெக்ஸஸ் செயின்சா மஸாக்கர்’ மறுபக்க உதாரணம். லாரியைப் பார்த்து, 1974-இல் வந்த முதல் படத்தில் தப்பிய சாலியையும் துப்பாக்கி தூக்கிய பாட்டியாக்கினார்கள். ஆனால் சாலியாக நடித்த மெரிலின் பர்ன்ஸ் 2014-லேயே காலமாகிவிட்டார், வேறொரு நல்ல நடிகைதான் வந்தார். நடிப்பில் குறை இல்லை. ஆனால் அந்த முகத்தில் நமக்குத் தெரிந்த இளம்பெண் இல்லை. பத்தொன்பது வயதில் அலமாரிக்குள் பதுங்கி அலறிய அதே கண்கள் ஐம்பத்தொன்பதில் துப்பாக்கிக் குழல் வழியே பார்ப்பதை ஒப்பனையால் கொண்டுவர முடியாது. முகமூடியைக் கடையில் வாங்கலாம். முகத்துக்கு நாற்பது வருடம் ஆகும்.

எண்ட்ஸ் கிளைமாக்ஸில் லாரி தன் அடுக்களையில் மைக்கேலைக் கொல்கிறாள். இந்தத் தடவை சந்தேகத்துக்கு இடமே வைக்கக் கூடாது என்று படம் மெனக்கெடுகிறது. உடலைக் கார் கூரைமேல் கட்டி ஊர்வலமாக எடுத்துப்போய், ஊரே பார்க்க, பழைய இரும்புக் கிடங்கின் அரவை இயந்திரத்தில் போட்டு அரைக்கிறார்கள். எச்20 ஏமாற்றம் எழுதியவர்களுக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். அப்புறம் லாரியின் காலி வீட்டைக் கேமரா ஒவ்வொரு அறையாகக் காட்டும். மேசைமேல் முகமூடி கிடக்கும்.

சரியாக ஒரு வருடத்தில், 2023 அக்டோபரில், தொலைக்காட்சித் தொடர் எடுக்க மிராமாக்ஸ் உரிமை வாங்கியது.